விளக்கைக் கையில் எடுப்பதற்கு முன்



மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, எல்லாரையும் போல இந்து காலேஜ் ஸ்டேஷனையும் கான்டீன் டீயையும் பற்றி எழுதத்தான் நினைத்தேன். ஆனால் போன சந்திப்பில், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு தங்கை சொன்ன விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. நம்ம காலேஜில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, அப்புறம் நர்சிங் படித்தவர். ஆறு வருஷமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ஞாபகம் தப்பியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று ராத்திரி பகலாகப் பார்த்துக் கொள்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறலாம் என்று மூன்று இடத்தில் இன்டர்வியூ போனாராம். மூன்று இடத்திலும் ஒரே பதில்தான். ஆஸ்பத்திரி அனுபவம் இல்லையே என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு வருஷ உழைப்பை அவர்கள் பூஜ்யமாகப் போட்டுவிட்டார்களே அண்ணே என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரில் 31 வருஷம் பெட்ஷீட்டுக்கும் பஞ்சுக்கும் கணக்கு எழுதியவன். ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னேன். புளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் உன்னைப் போல ஒரு இல்லத்திலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார் தெரியுமா என்றேன். தங்கைக்கு அது புதுச் செய்தி. மே 12-ந் தேதி வருஷா வருஷம் கையில் மெழுகுவர்த்தியோடு உறுதிமொழி எடுப்பவர்தான். இருந்தாலும் அம்மையார் பிறந்ததிலிருந்தே போர்க்களத்தில் விளக்கோடு நின்றவர் மாதிரிதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நைட்டிங்கேல் 1820 மே 12-ல் இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரே பிள்ளைக்குப் பெயர். அக்காள் பிறந்தது நேப்பிள்ஸில். அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தனோப் என்பதை அவளுக்கு வைத்தார்கள். அப்பா வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல் பெரிய பண்ணையார். இங்கிலாந்தில் டெர்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷயரில் எம்ப்ளி பார்க் என்று இன்னொரு மாளிகை. மகள்களுக்கு அப்பாவே கிரேக்கம், லத்தீன், சரித்திரம் எல்லாம் கற்றுக் கொடுத்தார். இளையவளுக்குக் கணக்கில் தனி ஆசை. அந்த ஆசைக்கு அம்மாவிடமிருந்து ஆதரவு கிடைக்கவில்லை. கட்டிக் கொடுக்க வேண்டிய பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்ற கேள்வி நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

1837 பிப்ரவரியில், 16 வயதில், கடவுள் தன்னைத் தன் பணிக்கு அழைத்ததாக அவருக்கு ஓர் உணர்வு வந்தது. என்ன பணி என்று தெரியவில்லை. அது நோயாளிகளைப் பார்ப்பதுதான் என்று தெளிவாகச் சில வருஷங்கள் ஆயின. 1845-ல் பக்கத்திலிருந்த சாலிஸ்பரி ஆஸ்பத்திரியில் சில மாதம் தங்கி வேலை கற்றுக் கொள்கிறேன் என்று வீட்டில் கேட்டார். வீடே இரண்டுபட்டது. அன்றைய இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கு இருந்த பெயர் அப்படி. குடிப்பவர்கள், படிப்பில்லாதவர்கள், வேறு பிழைப்புக் கிடைக்காதவர்கள் செய்யும் வேலை என்று நினைத்திருந்தார்கள். அம்மா அழுதார், அக்காவுக்கு மயக்கம் வந்தது, அப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார். பெண் வீட்டிலேயே உட்கார்ந்தார். ஆனால் சும்மா உட்காரவில்லை. விடியற்காலையில் எழுந்து, விளக்கு வெளிச்சத்தில், அரசாங்க ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் என்ற நல்ல மனிதர் பல வருஷம் காத்திருந்து கேட்ட கல்யாணத்தையும் 1849-ல் வேண்டாமென்று சொன்னார். அவரைப் பிடிக்காமல் அல்ல. கல்யாணம் ஆனால் வேலை போய்விடும் என்பதுதான் காரணம்.

1850-ல் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்குப் போனார். அங்கே தியோடர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியார் 1836-ல் தொடங்கிய ஒரு நிலையம். ஆஸ்பத்திரி, அனாதை இல்லம், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். முதல் தடவை இரண்டு வாரம், அடுத்த வருஷம் மூன்று மாதம். அவர் முறையாகப் பெற்ற பயிற்சி என்று சொன்னால் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இனி தங்கை கேட்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன்.

1853 ஆகஸ்டில் அம்மையாருக்கு முதல் வேலை கிடைத்தது. வயது 33. லண்டனில் அப்பர் ஹார்லி தெரு, 1-ம் நம்பர் வீடு. நொடித்துப் போன நல்ல குடும்பத்துப் பெண்கள் நோயில் விழுந்தால் தங்குவதற்கென்று சீமாட்டிகள் கமிட்டி ஒன்று நடத்திய இல்லம் அது. வந்தவர்களில் பலர் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்த டீச்சரம்மாக்கள். கல்யாணம் ஆகாதவர்கள், சேமிப்பு இல்லாதவர்கள், போய்ச் சேர வீடு இல்லாதவர்கள். புற்றுநோய்க்காரர்கள் உண்டு, காசநோய்க்காரர்கள் உண்டு, மனசு உடைந்தவர்கள் உண்டு. சிலர் குணமாகிப் போவார்கள், சிலர் அங்கேயே கண் மூடுவார்கள். இன்றைக்கு நம் பக்கத்தில் நாம் பார்க்கிற இல்லங்களுக்கு ரொம்ப தூரத்து உறவு இல்லை.

பதவி சூப்பரின்டெண்ட். சம்பளம் கிடையாது. அப்பா வருஷத்துக்கு 500 பவுண்டு படியளந்தார். அந்தப் பணம்தான் அம்மையாரை வீட்டிலிருந்து வெளியே கொண்டு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் அப்படி அப்பா வாய்ப்பதில்லை.

பொறுப்பு ஏற்பதற்கு முன்பே அவர் கேட்ட சாமான் பட்டியலைப் பார்த்தால் ஸ்டோர்க்காரனான எனக்குச் சந்தோஷம் தாங்காது. ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர் வர வேண்டும். சமையலறையிலிருந்து சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு லிஃப்ட் வேண்டும். நோயாளி மணி அடித்தால் எந்த அறையிலிருந்து அடித்தார் என்று காட்டும் ஏற்பாடு வேண்டும். எதற்கு? நர்ஸ் வெந்நீர் வாளியையும் சாப்பாட்டுத் தட்டையும் தூக்கிக் கொண்டு படியேறினால் நோயாளியை எப்போது பார்ப்பது? இரண்டு கால்களின் பலத்தை எதில் செலவழிக்க வேண்டும் என்று யோசித்த முதல் நர்சிங் நிர்வாகி அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

உள்ளே போய்ப் பார்த்தால், படுக்கை விரிப்பு கிழிசல், சமையல் பாத்திரம் அழுக்கு, மளிகைக் கடையில் தினம் தினம் கொசுறாக வாங்கி விலை இரட்டிப்பு. மொத்தமாக வாங்கும் முறையைக் கொண்டு வந்தார். ஜாமை வீட்டிலேயே போட வைத்தார். வீட்டு டாக்டரே மருந்து கலக்கிக் கொடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்து மருந்துக்கடை பில்லைக் குறைத்தார். கமிட்டிச் சீமாட்டிகளும் டாக்டர்களும் லேசில் ஒத்துக் கொள்பவர்களா? அதற்கும் அம்மையாரிடம் ஒரு வழி இருந்தது. தன் யோசனையை மெதுவாக ஒரு அங்கத்தினர் காதில் போட்டு, அது அவருடைய யோசனை மாதிரியே கூட்டத்தில் வரும்படி செய்துவிடுவார். அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சாதுரியம் பார்க்காமல் நேராகச் சண்டை போட்டார். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று கமிட்டி சொன்னது. கத்தோலிக்கரானாலும் யூதரானாலும் சேர்க்க வேண்டும், அவரவர் குருமார் வந்து பார்க்கவும் விட வேண்டும், இல்லாவிட்டால் நான் வரவில்லை என்றார். கமிட்டி இறங்கி வந்தது.

ஆனால் அந்த வருஷத்தின் நிஜமான வேலை இந்த நிர்வாகமெல்லாம் அல்ல. ஒரே நோயாளியை மாதக்கணக்கில் பார்ப்பது. ஆபரேஷன் நடக்கும்போது பக்கத்தில் நிற்பது. சாகப் போகிறவர் கூட ராத்திரி உட்கார்ந்திருப்பது. குளிரில் காலைத் தேய்த்து விடுவது. இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்குப் போக்கிடம் தேடிக் கொடுப்பது. நாலு நாளில் டிஸ்சார்ஜ் ஆகிற வார்டில் கண்ணுக்குப் படாத பல சங்கதிகள் இங்கேதான் படும். கதவுக்கு வெளியே நின்று குசுகுசுவென்று பேசினால் நோயாளிக்கு எவ்வளவு வேதனை, ஒரே சுவரையே பார்த்துக் கிடப்பவருக்கு ஒரு பூங்கொத்து என்ன செய்யும், சீக்கிரம் சரியாகிவிடும் என்று வருபவர் போகிறவரெல்லாம் சொல்வது எப்படி அலுப்பூட்டும், நர்ஸ் இல்லாத நேரத்திலும் வேலை தவறாமல் நடக்க என்ன ஏற்பாடு வேண்டும். 1859-ல் அவர் எழுதிய நர்சிங் குறிப்புகள் என்ற சின்னப் புத்தகத்தில் இதெல்லாம் வருகிறது. யுத்த ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்தவருக்கு இவ்வளவும் எழுத வராது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு வருஷத்தில் இல்லம் ஒழுங்குக்கு வந்தது. வந்ததும் அம்மையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம், நோயாளிகள் அலுத்துப் போனது அல்ல. நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது அவர் கனவு. அந்தச் சின்ன வீட்டில் அதற்கு இடமில்லை, பலவகை நோய்களைப் பார்க்கவும் வழியில்லை. பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்குத் தலைவியாகப் போவது பற்றிப் பேச்சு நடந்து கொண்டிருந்தது. வீட்டில் பழையபடி எதிர்ப்பு. அதற்கு நடுவில் 1854 கோடையில் லண்டனில் காலரா. மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரிக்குத் தானாகப் போய்ச் சேர்ந்து ராத்திரி பகலாக வேலை செய்தார். தெருவிலிருந்து தூக்கி வரப்பட்ட ஏழைப் பெண்களின் துணியை மாற்றி, ஒத்தடம் கொடுத்தார். இல்லத்து நர்ஸ் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற முதல் நாட்கள் அவை.

அதற்குள் கிரிமியா யுத்தம். ரஷ்யாவுக்கு எதிராகத் துருக்கியோடு இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்திருந்தன. காயம்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் கவனிப்பாரில்லாமல் சாகிறார்கள் என்று டைம்ஸ் பத்திரிகையில் செய்தி வந்தது. யுத்த இலாகா மந்திரி சிட்னி ஹெர்பர்ட் குடும்ப நண்பர். நர்ஸ்களைக் கூட்டிக் கொண்டு நீங்கள் போக வேண்டும் என்று அவர் எழுதிய கடிதமும், நான் போகட்டுமா என்று அம்மையார் எழுதிய கடிதமும் தபாலில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. அக்டோபர் 21-ந் தேதி 38 நர்ஸ்களோடு புறப்பட்டு, 1854 நவம்பர் 4-ல் கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் ஸ்குட்டாரி பாரக்ஸ் ஆஸ்பத்திரியில் இறங்கினார்.

ஹார்லி தெருவில் அவர் தலைவி. ஸ்குட்டாரியில் டாக்டர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொம்பளைகளுக்கு இங்கே என்ன வேலை என்பதுதான் மனநிலை. கூட வந்த நர்ஸ்களுக்கு உடனே வார்டுக்குள் பாய வேண்டும் என்று துடிப்பு. அம்மையார் தடுத்துவிட்டார். டாக்டர் கூப்பிடாமல் ஒருத்தியும் வார்டில் கால் வைக்கக் கூடாது. அதுவரை உட்கார்ந்து துணி தையுங்கள், கட்டுத்துணி கிழியுங்கள் என்று உத்தரவு. இதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. கண்ணெதிரே சாகும்போது கையைக் கட்டிக் கொண்டிருப்பதா என்று நமக்கும் தோன்றும். ஆனால் சில நாட்களிலேயே இன்கெர்மன் சண்டையில் அடிபட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து சேர, டாக்டர்களே கூப்பிட வேண்டி வந்தது. கூப்பிட்ட பிறகு யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

உள்ளே என்ன குறை? ஹார்லி தெருவில் பார்த்ததேதான், ஆயிரம் மடங்காக. சட்டை இல்லை, தட்டு இல்லை, துணி துவைக்க வழியில்லை. ஸ்டோரில் சாமான் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய போர்டு கூடவில்லை என்று பூட்டு திறக்காது. என் வேலைக்காலத்தில் நானே இப்படிப் பூட்டிக் கொண்டு உட்கார்ந்த நாட்கள் உண்டு, ஒப்புக் கொள்கிறேன். அம்மையார் டைம்ஸ் வாசகர்கள் திரட்டிய நிதியிலிருந்தும் தன் கைப்பணத்திலிருந்தும் சந்தையில் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கொப்பரை வைத்து, சிப்பாய்களின் மனைவிமாரைக் கொண்டு துணி வெளுக்க வைத்தார். பத்தியச் சாப்பாட்டுக்குத் தனிச் சமையல். ராத்திரியில் துருக்கி லாந்தர் ஒன்றை எடுத்துக் கொண்டு வரிசை வரிசையாக ஒரு சுற்று வருவார். உலகம் பிடித்துக் கொண்டது அந்த விளக்கைத்தான்.

ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் நாலாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே இறந்தார்கள். இதை மலர் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். 1855 பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் கமிஷன் சாக்கடையைத் திறந்து கழுவி, காற்றுக்கு வழி செய்தது. ஜூன் மாதத்துக்குள் சாவு 100-க்கு 2 அளவுக்கு இறங்கியது. சாப்பாடும் துணியும் போதாததுதான் காரணம் என்று நம்பியிருந்த அம்மையார், ஊர் திரும்பி, வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. காயத்தால் செத்தவர்களை விட, தடுத்திருக்கக் கூடிய நோயால் செத்தவர்களே அதிகம். அந்தக் கணக்கை அவர் மறைக்கவில்லை. படம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார். 1858-ல் லண்டன் புள்ளிவிவரக் கழகத்தின் முதல் பெண் அங்கத்தினர் ஆனார். சின்ன வயசில் அடம் பிடித்துப் படித்த கணக்கு.

மக்கள் நன்றியோடு திரட்டிக் கொடுத்த நிதியில் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்தது. ஹார்லி தெருவில் நிறைவேறாத கனவு அது. பிறகு அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஆஸ்பத்திரி நர்சிங்கைத் திரும்ப இல்லத்துக்கே அனுப்பி வைத்தார். அன்றைய இங்கிலாந்தில் கதியற்ற ஏழைகள், கிழவர்கள், தீராத நோயாளிகள் எல்லாம் ஒர்க்ஹவுஸ் என்ற ஏழை விடுதியில் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கொண்டதும் அங்கே கிடந்த மற்ற ஏழைகள்தான். லிவர்பூல் விடுதிக்கு 1865-ல் பயிற்சி பெற்ற நர்ஸ்களை அனுப்பினார். தலைமையேற்றுப் போன ஆக்னஸ் ஜோன்ஸ் என்ற பெண், மூன்றே வருஷத்தில், 1868-ல், அங்கேயே டைபஸ் காய்ச்சலில் இறந்தார். நோயாளியை, முதியவரை, மனநோயாளியை ஏழை விடுதியில் ஒன்றாகப் போட்டு அடைக்காமல் தனித்தனியாக வைத்து முறையாகக் கவனிக்க வேண்டும் என்று அம்மையார் ஓயாமல் எழுதினார். 1867-ல் லண்டனுக்கு வந்த சட்டத்தில் அவர் கேட்டதில் ஒரு பகுதி நிறைவேறியது.

நம்ம ஊர்ச் சங்கதிக்கும் வருகிறேன். அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் 1859 முதல் 1863 வரை, இந்தியாவில் இருந்த பட்டாளங்களின் சுகாதாரத்தைப் பற்றி விசாரித்த ராயல் கமிஷனுக்காக, ஒவ்வொரு ராணுவ நிலையத்துக்கும் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கினார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்றெல்லாம் கேள்விகள். அறிக்கை வந்த மறுவருஷமே சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று இடத்திலும் சுகாதாரக் கமிஷன் அமைந்தது. 1866-ல் சென்னைக்குக் கவர்னராக வந்த நேப்பியர் பிரபு, யுத்த காலத்தில் கான்ஸ்டான்டிநோபிள் தூதரகத்தில் இருந்து அம்மையாரின் வேலையை நேரில் பார்த்தவர். அவருடைய ஆட்சிக் காலத்தில்தான், 1871-ல், சென்னை பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. சென்ட்ரலுக்கு எதிரே நாம் ஜி.எச். என்று சொல்லும் அதே இடம். பட்டாபிராமிலிருந்து யூனிட் ரயில் ஏறினால் போய் இறங்குகிற தூரம்.

இத்தனையையும் அவர் செய்தது பெரும்பாலும் படுக்கையிலிருந்து. 1855 மே மாதம் பாலக்ளாவாவில் பிடித்த காய்ச்சல் அவரை விடவே இல்லை. ஊர் திரும்பிய பிறகு 1857-ல் விழுந்தவர், பிறகு பல வருஷம் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. சோபாவிலும் கட்டிலிலும் இருந்தபடி ஆயிரக்கணக்கில் கடிதங்கள், அறிக்கைகள். மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களைக் கவனித்தவர், கடைசியில் தானே வருஷக்கணக்கில் அப்படிப் படுத்தார். கண் பார்வை போயிற்று, ஞாபகமும் மங்கியது. 1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது வந்தபோது, அதைப் பெற்ற முதல் பெண் தான்தான் என்பதை அவர் எவ்வளவு உணர்ந்தார் என்று சொல்வது கடினம்.

அந்தக் காலத்தைப் பற்றி அவர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. வீட்டோடு ஒரு நர்ஸ் வைத்திருந்தார்கள். ராத்திரியில் அந்த நர்ஸ் வந்து கிழவிக்குப் போர்வையை நன்றாக இழுத்து மூடிவிட்டுப் போவாள். கொஞ்ச நேரம் கழித்து, அம்மையார் மெல்ல எழுந்து அடுத்த அறைக்குப் போய், அந்த நர்சுக்குப் போர்வையை இழுத்து மூடிவிட்டு வருவாராம்.

1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில், லண்டன் சவுத் தெரு வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தார்கள், உறவினர்கள் வேண்டாமென்றார்கள். ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்தில், குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். கல்லில் முழுப் பெயர் கூட இல்லை. பெயரின் இரண்டு முதலெழுத்துகளும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் மட்டும்தான்.